உழவு யந்திரத்தின் காய்ச்சல்

மனிதனுக்குக் காய்ச்சல் கண்டால், காய்ச்சலே நோய் என்று எந்த நல்ல வைத்தியரும் கூறமாட்டார். உள்ளே எங்கோ ஒரு கோளாறு. அதை அறிவிக்க வந்த தூதுவனே காய்ச்சல். அது எப்பொழுது ஏறுகிறது, எப்பொழுது இறங்குகிறது, உடன் வரும் குறிகள் யாவை என்று வினவிய பின்னரே அவர் மருந்துப் பெட்டியைத் திறப்பார். நம் சங்கங்களின் உழவு யந்திரங்கள் கொதிக்கத் தொடங்கும்போது மட்டும் இந்தப் பொறுமை நம்மிடம் இருப்பதில்லை. "இன்ஜின் போய்விட்டது, பிரித்து வேலை பார்க்க வேண்டும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், மதிப்பீடு வருகிறது; தீர்மானம் நிறைவேறுகிறது; அங்கத்தினரின் பணம் வெளியேறுகிறது. சில வேளைகளில் பணத்தோடு ஓர் ஏழையின் நற்பெயரும் வெளியேறுகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நாம் அலங்காரத்திற்காக எழுதவில்லை. அத்தகைய ஒரு தவற்றைச் செய்யவிருந்தவர்களில் நாமும் ஒருவர். கூட்டுறவு அன்பர்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால் அதை இங்கே மறைக்காமல் கூறுகிறோம்.

நிகழ்ந்தது என்ன?

புதுச்சேரி நகரத்திலிருந்து தெற்கே சென்று, அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தைக் கடந்து சிறிது தொலைவு போனால் ஒரு சங்கம் உண்டு. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. பயிரிடுவோரும் நெசவாளரும் அதில் அங்கத்தினர். வளாகத்தின் முன்புறம் உரக் கிடங்கு. பின்புறம் நூல் கிடங்கும் சிறியதொரு சாயச் சாலையும். இரண்டிற்கும் நடுவே டிராக்டர் நிற்கும் கொட்டகை. டிராக்டர் மூன்று சிலிண்டர் கொண்டது. முப்பது ஆண்டுகளைக் கடந்தது. வெளியே வாங்கும் வாடகையைக் காட்டிலும் குறைந்த வாடகைக்கு அது ஓடுவதால், ஒரு காணி, அரைக் காணி வைத்திருக்கும் சிறு விவசாயிகள் அதையே நம்பியிருக்கின்றனர்.

சென்ற ஆண்டு சம்பா உழவின்போது அந்த யந்திரம் இரண்டு முறை கொதித்து நின்றது. கார்த்திகை மாதத்தில் ஆய்வுக்குச் சென்ற நாம், கணக்கில் பழுதுச் செலவுகள் மிகுந்திருப்பதைக் கண்டோம். பேன் பெல்ட் புதிது, ரேடியேட்டர் மூடி புதிது, தெர்மோஸ்டாட் கழற்றப்பட்டது என்று பற்றுச் சீட்டுகள் வரிசையாக இருந்தன. யந்திரமோ குணமடையவில்லை. நாம் யந்திரத்தைப் பார்க்கவில்லை. சீட்டுகளை மட்டுமே பார்த்தோம். ஆய்வுக் குறிப்பில், "ஓட்டுநரின் கவனக்குறைவு காரணமாகலாம்; செலவில் ஒரு பகுதியை அவருடைய ஊதியத்தில் பிடித்தம் செய்வதைப் பற்றி நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம்" என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

தை மாதம் பிறந்தது. சம்பா அறுவடை முடிந்து நவரைப் பட்டத்திற்குச் சேற்றுழவு தொடங்கியது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அந்நேரம் பார்த்து யந்திரம் மறுபடியும் கொதித்தது. அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்த ஓட்டுநரின் வலது முன்கை வெந்துபோயிற்று. நகரத்திலிருந்து வந்த ஒரு மெக்கானிக், ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றும், சிலிண்டரைப் போரிங் செய்து பிஸ்டன் மாற்ற வேண்டும் என்றும் மதிப்பீடு தந்தார். அதை ஏற்பதற்காக நிர்வாகக் குழு கூடியது. நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். பிடித்தத்தைப் பற்றிய நம் குறிப்பும் அன்றைய அலுவல் பட்டியலில் இருந்தது.

கையில் கட்டுடன் ஓட்டுநர் வாயிற்படியருகே நின்றார். ஐம்பதைக் கடந்தவர். "உட்காருங்கள், ஐயா" என்றோம். உட்காரவில்லை. "ஐயா, தண்ணீர் பார்க்காமல் நான் ஒரு நாளும் வண்டி எடுத்ததில்லை. தினமும் காலையில் என் கையால் ஊற்றுகிறேன். இந்தச் சங்கத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

"தினமும் ஊற்றுகிறேன்" என்ற அந்தச் சொல் நம் மனத்தில் தைத்தது. மூடியிட்ட ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவை ஏன் வருகிறது? ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது? தீர்மானத்தை ஒரு நாள் ஒத்திவைக்குமாறு தலைவரைக் கேட்டுக்கொண்டு, அனைவருமாகக் கொட்டகைக்குச் சென்றோம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கொட்டகையில் கண்டதைக் கூறுமுன், யந்திரத்தின் உள்ளே நிகழ்வதைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். டீசல் எரியும்போது பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உழவு வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சிய பங்கைத் தண்ணீரும் எண்ணெயும் காற்றும் எடுத்துச் சென்று வெளியே விட வேண்டும். வாட்டர் பம்ப் தண்ணீரைச் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள அறைகளில் செலுத்துகிறது. சூடேறிய நீர் மேல் ஓஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கி, விசிறி இழுக்கும் காற்றினால் ஆறி, கீழ் ஓஸ் வழியாகத் திரும்புகிறது. இந்தச் சுற்று எங்கே தடைப்பட்டாலும் காய்ச்சல் காணும்.

காய்ச்சலை வளரவிட்டால் சிலிண்டர் ஹெட் கோணும்; கேஸ்கட் எரியும்; எண்ணெய் நீர்த்துப்போய்ப் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மெக்கானிக் சொன்ன கேடு வரக்கூடியதுதான். அது வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா என்பதே அன்று நம் முன் நின்ற கேள்வி. முன்னதற்குப் பெரும் பணம் வேண்டும். பின்னதற்குச் சிறு பணம் போதும்.

எல்லா டிராக்டர்களுக்கும் ரேடியேட்டர் உண்டென்று எண்ணிவிடலாகாது. 1959-ஆம் ஆண்டில் பரீதாபாத்தில் ஐஷர் நிறுவனத்தார் இந்தியாவில் டிராக்டர் செய்யத் தொடங்கினர். அவர்களுடைய பழைய வகைகள் பலவற்றில் காற்றினாலேயே குளிரும் இன்ஜின் இருந்தது. அவற்றில் தண்ணீருக்கு வேலையில்லை. சிலிண்டரின் மேலுள்ள இரும்புச் செதில்களில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடையாமல் காப்பதும், காற்றூதியின் பெல்ட்டை இறுக்கமாக வைப்பதுமே முக்கியம். 1960-களின் தொடக்கத்தில் சென்னை செம்பியத்தில் டாபே நிறுவனத்தார் செய்யத் தொடங்கிய மாஸி பெர்குஸன் போன்றவை தண்ணீரால் குளிர்பவை. நம் பகுதிச் சங்கங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையே.

வெளியிலிருந்து உள்ளே

கொட்டகையில் நாம் ஒரு விதியை வகுத்துக்கொண்டோம். செலவில்லாத சோதனைகள் முதலில். கழற்ற வேண்டியவை பின்னால். பிரிக்க வேண்டியவை கடைசியில். அங்கத்தினர் எவரும் பின்பற்றத்தக்க முறை இது. எனவே அன்று செய்தவற்றோடு, வேறு யந்திரங்களில் செய்ய வேண்டியவற்றையும் சேர்த்து வரிசையாகத் தருகிறோம்.

முதலாவது, காய்ச்சல் மெய்யா பொய்யா என்று பார்த்தல். பழைய டிராக்டர்களில் வெப்பமானி முள் பொய் சொல்வதுண்டு. ஆவி வருகிறதா, இழுவை குறைகிறதா, சூட்டு வாடை வீசுகிறதா என்று பார்க்க வேண்டும். இவை ஒன்றுமில்லாமல் முள் மட்டும் சிவப்பில் நின்றால் முள்ளையே சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, எப்பொழுது கொதிக்கிறது என்று கேட்டல். இந்த ஒரு கேள்வி பாதி வழியைக் காட்டிவிடும். கிளப்பிய ஐந்து பத்து நிமிடத்திற்குள் கொதித்தால், தண்ணீர் குறைவோ, தெர்மோஸ்டாட் திறவாமையோ, கேஸ்கட் கோளாறோ இருக்கலாம். நின்ற நிலையில் கொதித்துச் சாலையில் ஓடும்போது ஆறினால், விசிறியையும் பெல்ட்டையும் சந்தேகிக்க வேண்டும். சாலையில் நன்றாக ஓடி, சேற்றில் அரைமணி, முக்கால்மணி கழித்தே கொதித்தால், ரேடியேட்டரின் ஆற்றல் குறைந்திருக்கிறது அல்லது யந்திரத்தின் மேல் சுமை கூடியிருக்கிறது என்று பொருள். "சாலையில் ஒன்றுமில்லை, ஐயா. சேற்றில் இறங்கி முக்கால்மணி ஆனால்தான்" என்றார் ஓட்டுநர். இக்கேள்வியை அதுவரை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

மூன்றாவது, காற்று வழி. ரேடியேட்டரின் முன் வலையைக் கழற்றிப் பார்த்தோம். அதன் கீழ்ப் பாதியில் வைக்கோல் தூசியும் சேறும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடை போல் படிந்திருந்தன. இதைக் கழுவும்போது விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் விட வேண்டும். முன்னிருந்து விட்டால் தூசி இன்னும் உள்ளே போய் இறுகும். வேகம் மிகுந்தால் மெல்லிய செதில்கள் மடங்கிவிடும். விசிறியைச் சுற்றிய தகட்டுக் கூண்டு உடைந்ததென்று கழற்றி எறிந்துவிடுவோர் உளர். அது வீண் தகடன்று. காற்றை ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் இழுக்கச் செய்வது அதுவே.

நான்காவது, பெல்ட். இரு சக்கரங்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை அமுங்குவது பொதுவான அளவு. எண்ணெய் பட்டுப் பளபளக்கும் பெல்ட் இறுக்கமாகத் தோன்றினும் வழுக்கும். இங்கே பெல்ட் சரியாகவே இருந்தது.

ஐந்தாவது, கசிவு. கீழ் ஓஸின் கவ்வி தளர்ந்து, அதன் அடியில் வெண்மையான உப்புக் கோடு படிந்திருந்ததைக் கண்டோம். இன்ஜின் சூடானால் மட்டும் சொட்டும், ஆறியபின் நின்றுவிடும். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டி வந்ததன் காரணம் புலப்பட்டது. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் ஈரம் தெரிந்தால் அதன் சீல் தேய்ந்தது எனக் கொள்ள வேண்டும். அத்துளையை அடைத்துவிடுவது தீர்வாகாது. கீழ் ஓஸ் பழுதாகி மெலிந்திருந்தால், பம்ப் இழுக்கும் வேகத்தில் சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தால் இது தெரியும்.

ஆறாவது, மூடியும் தெர்மோஸ்டாட்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, நீர் கொதிக்கும் நிலையை 100 டிகிரியிலிருந்து சுமார் 111 டிகிரிக்கு உயர்த்துகிறது. அதன் ரப்பர் கெட்டால் நீர் விரைவில் கொதித்து வழியும். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் நீரை ஏற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு கவனித்தால், சுமார் 80 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றிவிடும் வழக்கம் சரியன்று. சில இன்ஜின்களில் திறந்த தெர்மோஸ்டாட்டே பக்கவழியை மூடி நீரை ரேடியேட்டருக்குத் திருப்புகிறது. அதைக் கழற்றினால் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கு வராமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஏழாவது, கேஸ்கட். இது அன்றைய பெரிய கேள்வி. ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து, தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, கிளப்பிப் பார்த்தோம். கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டரின் வாயு நீரில் கலந்து, குமிழிகள் இடைவிடாமல் பொங்கும். எண்ணெய் அளக்கும் கோலை உருவினால் எண்ணெய் மோர் போல் வெளுத்திருக்கும். புகைபோக்கியில் வெண்மையான ஆவி நிற்காமல் வரும். மூன்றில் ஒன்றும் இங்கே இல்லை. எண்ணெய் கறுத்துத் தெளிவாக இருந்தது. தலைவர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் மதிப்பீட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தோம்.

எட்டாவது, உட்படிவு. இன்ஜின் நன்கு சூடேறியபின் நிறுத்தி, விசிறி நின்றதை உறுதிசெய்துகொண்டு, ரேடியேட்டரின் முகப்பில் எட்ட நின்று உள்ளங்கையைக் காட்டி வெப்பத்தை உணர்ந்து பார்த்தோம். மேலிருந்து கீழாகச் சூடு சீராகக் குறைந்து வர வேண்டும். இங்கே நடுவிலும் ஓரத்திலும் பட்டை பட்டையாகக் குளிர்ந்திருந்தது. அந்தக் குழாய்களில் நீர் ஓடவில்லை. ஆறவிட்டு வடிகுழாய்களைத் திறந்தோம். ரேடியேட்டரின் குழாய் வடிந்தது. இன்ஜின் பக்கத்துக் குழாய் ஒரு சொட்டும் விடவில்லை. கம்பியால் குத்தியதும் செங்காவி நிறச் சேறும், முட்டை ஓடு போன்ற வெள்ளைத் துண்டுகளும் விழுந்தன. பின்னர் நீரை அளந்து நிரப்பிப் பார்த்ததில், கையேட்டில் குறித்த அளவைவிட இரண்டு லிட்டர் குறைவாகவே கொண்டது. அந்த இரண்டு லிட்டர் இடத்தில் குடியிருந்தது யார்?

சாயக்காரர் சொன்ன சாட்சி

விடையைச் சொன்னவர் மெக்கானிக் அல்லர். பின்கட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த முதிய சாயத் தொழிலாளி ஒருவர் அந்த வெள்ளைத் துண்டை விரலால் நசுக்கிப் பார்த்து, "இது எங்கள் அண்டாவில் கட்டுகிற ஏடுதானே!" என்றார்.

"என்ன ஏடு, பெரியவரே?" என்றோம்.

"புதுப் போர் போட்டதிலிருந்து அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் அண்டாவின் அடியில் சுண்ணாம்பு மாதிரி கட்டுகிறது. சாயமும் சீராகப் பிடிக்கவில்லை; திட்டுத் திட்டாக நிற்கிறது. அதனால் நாங்கள் அந்தத் தண்ணீரை விட்டுவிட்டோம். பாத்திரம் துலக்க மட்டும்தான். அந்த ஏட்டையும் புளி போட்டுத் தேய்த்தால்தான் விடும்."

கொட்டகைக்கு அருகில் இருந்தது அந்தப் போர்க்குழாயே. மூன்றாண்டுகளாக ஓட்டுநர் தினமும் ஊற்றியது அந்தத் தண்ணீரையே.

கடலோர நிலத்தில் ஆழ்குழாய்கள் பெருகி நிலத்தடி நீர் இறைக்கப்பட இறைக்கப்பட, உப்புநீர் உள்ளே புகுவதைப் புதுச்சேரிக் கரையோரத்தார் அறிவர். அத்தகைய நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறியதும் பிரிந்து கல்லாகப் படிகிறது. எங்கே சூடு மிகுதியோ அங்கேயே முதலில் படிகிறது. அதாவது சிலிண்டரின் தலைப்பகுதியைச் சுற்றி. வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் இருபது மடங்கிற்கும் மேல் குறைவு. காய்ச்சல்காரனைக் கம்பளியால் போர்த்தியது போல் அது இன்ஜினைப் போர்த்திவிடுகிறது.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்குகிறது. எனவே ஒவ்வொரு நாளும் புதிதாக ஊற்றும் தண்ணீர், புதிதாக உப்பையும் சுண்ணாம்பையும் கொண்டு சேர்க்கிறது. கடமை தவறாத ஓட்டுநர் எவ்வளவு ஒழுங்காக ஊற்றினாரோ, அவ்வளவு விரைவாகப் படிவு வளர்ந்தது. நாம் கவனக்குறைவு என்று எழுதினோம். நடந்ததோ, நல்ல கவனம் கெட்ட தண்ணீரோடு சேர்ந்ததன் விளைவு. சோம்பேறி ஒருவர் ஓட்டியிருந்தால் கசிவு முன்னரே அகப்பட்டிருக்கவுங்கூடும்!

எந்த நீர் ஏற்றது?

நகரின் பாரதி பூங்காவில் நிற்கும் வெண்ணிற ஆயி மண்டபத்தை அறியாத புதுச்சேரியார் இலர். முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்திற்கு நன்னீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது அது. மனிதர் குடிக்கும் நீருக்கு மண்டபம் கட்டிய ஊர் இது. யந்திரம் குடிக்கும் நீரைப் பற்றி மட்டும் நாம் நினைப்பதில்லை.

மனிதருக்கு ஏற்ற நீரெல்லாம் யந்திரத்திற்கும் ஏற்றதென்று கொள்வதும் தவறு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நலம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம். பெரிய டீசல் இன்ஜின்களுக்கு வகுக்கப்பட்ட அளவுகளில் ஒன்றோ 170 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. எனவே, "நாங்களே இதைத்தானே குடிக்கிறோம்" என்னும் வாதம் ரேடியேட்டரிடம் செல்லாது.

காய்ச்சி வடித்த நீரோடு கையேட்டில் கண்ட விகிதத்தில் கூலண்ட் கலந்து ஊற்றுவதே முதல்தரம். நம் ஊரில் நீர் உறையப்போவதில்லையே, கூலண்ட் எதற்கு என்பர். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஆனால் அது நஞ்சு, சுவையோ இனிப்பு. குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். பழையதை வாய்க்காலில் கொட்டலாகாது. வடித்த நீர் கிடைக்காவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில், முதல் மழைக்குக் கூரை கழுவப்பட்டபின் பிடித்து வடிகட்டிய நீர் மென்மையானது. அதனோடும் துருத்தடுப்பு மருந்து சேர்ப்பது அவசியம்.

செய்த சிகிச்சை

ரேடியேட்டர் கழற்றப்பட்டு நகரத்துப் பட்டறைக்குச் சென்றது. அங்கே மேல்தொட்டியைப் பிரித்து, அடைபட்ட குழாய்களில் தட்டைக் கம்பி விட்டுத் துலக்கினர். இன்ஜினுக்குள் முதலில் எண்ணெய்ப் பிசுக்கும் சேறும் போகத் தகுந்த கழுவு நீர் ஓடியது. பின்னர்ச் சுண்ணாம்புப் படிவைக் கரைக்க, கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் அமிலத்தின் நீர்த்த கரைசல். சாயக்காரர் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே சாத்திரந்தான். புளிப்புக்குச் சுண்ணாம்பு நெகிழும். கடைசியாக, அமிலம் தங்காதிருக்க நல்ல நீரால் பலமுறை அலசினர். கடுமையான அமிலத்தைத் தாமே வாங்கி ஊற்றுவது ஆபத்து. அலுமினியப் பாகங்கள் உள்ள இன்ஜின்களில் சலவைச் சோடாவும் கேடு செய்யும். கையேட்டைப் பார்க்காமல் எதையும் ஊற்ற வேண்டா.

கழற்றிய தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதிது பொருத்தப்பட்டது. கவ்வியும் கீழ் ஓஸும் மாற்றப்பட்டன. நான்காம் நாள் டிராக்டர் சேற்றில் இறங்கியது. முக்கால்மணி கடந்தது, ஒருமணி, இரண்டுமணி கடந்தது. வரப்பில் நின்ற நாம் முள்ளைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். "நடுவில்தான் நிற்கிறது, ஐயா" என்று அவர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார். முழுச் செலவும் பழைய மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. முற்றிய நாற்றில் ஒரு பகுதி மட்டும் வீணாயிற்று. அந்த நட்டத்தை எதுவும் ஈடுசெய்ய முடியாது.

தண்ணீரைச் சாராத காரணங்கள் சில உண்டு. அவற்றையும் நினைவில் வைக்க வேண்டும். கேஜ் சக்கரம் பூட்டி, ஆழச் சேற்றில், உயர்ந்த கியரில் இழுத்தால் எந்த இன்ஜினும் சூடேறும். ஏர் கிளீனர் அடைபட்டாலும், இன்ஜக்டர் அளவுக்கு மேல் டீசல் விட்டாலும் கரும்புகையோடு சூடு வரும். பம்ப் டைமிங் பிந்தினாலும், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும், இன்ஜின் எண்ணெய் குறைந்தாலும் அப்படியே.

மறக்கக் கூடாதவை

சூடான இன்ஜினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. முள் ஏறக் கண்டால் சுமையை விட்டு, தண்ணீர் இருக்கும்வரை இன்ஜினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தலாம். நீர் வெளியேறிவிட்டதென்று தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். கையால் தொடும் அளவு ஆறியபின், கனத்த துணியை மேலிட்டு, முதல் படிவரை திருப்பி ஆவி போகவிட்டுப் பின்னரே திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடித்துப் பிளக்கும். வெந்த கையின் மேல் எண்ணெயோ மாவோ தடவாமல், குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

டிராக்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் ஒரு சிறு பதிவேடு வைத்துக்கொள்ளட்டும். எவ்வளவு தண்ணீர் ஊற்றப்பட்டது, எங்கிருந்து எடுத்தது, எந்த வேலையில் எவ்வளவு நேரத்தில் முள் ஏறியது என்னும் மூன்று கலங்கள் போதும். அத்தகைய பதிவேடு ஒன்று இருந்திருந்தால், கார்த்திகையிலேயே நாம் உண்மையைக் கண்டிருப்போம்.

நம் ஆய்வுக் குறிப்பிலிருந்த அந்த வாக்கியத்தை அடித்து, "இக்குறிப்பு யந்திரத்தைப் பாராமல் எழுதப்பட்டது, தவறு" என்று ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். வெந்த கைக்கான வைத்தியச் செலவைச் சங்கமே ஏற்கும் என்று குழு தீர்மானித்தது. ஆனால், நம் குறிப்பு அவர் காதுக்கு எட்டிய நாளிலிருந்து அது அடிக்கப்பட்ட நாள்வரை அவர் எப்படி உறங்கினார் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

அண்மையில் அவ்வழியே சென்றபோது கொட்டகையில் ஒரு பெரிய பீப்பாய் நிற்பதைக் கண்டோம். கூரையிலிருந்து ஒரு குழாய் அதில் இறங்குகிறது. வாயில் நெருக்கமாக நெய்த கைத்தறித் துணி ஒன்று கட்டியிருந்தது. "சாயக்காரர் கொடுத்தது, ஐயா. மழைத் தண்ணீர் வடிகட்ட" என்றார் ஓட்டுநர். உழவருக்கு நெசவாளரும் நெசவாளருக்கு உழவரும் உதவுவதே கூட்டுறவு என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். அந்தப் பீப்பாயின் வாயில் அது கட்டப்பட்டிருப்பதைக் கண்டு மனநிறைவோடு திரும்பினோம்.